எரிகோ ரோடு, பெருங்களத்தூர் வழி

கப்பல் சென்னைத் துறைமுகத்தில் நுழையும்போதே நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்குபடி அருகே போய் நின்றுவிட்டேன். இறங்க இன்னும் நெடுநேரம் இருந்தது. ரயில்வேக்காரனுக்கு இந்த வியாதி உண்டு. மலாயாவில், பேராக் பக்கம் ஒரு சின்ன ஸ்டேஷனில், டிக்கெட் கொடுத்து, சிக்னல் பார்த்து, கடிகாரத்தோடு குடும்பம் நடத்துகிறவன் நான். நிற்கிற இடத்தில் நிற்க மாட்டேன், உட்காருகிற இடத்தில் உட்கார மாட்டேன் என்று என் மனைவி லில்லி சொல்லிக்கொண்டே இருப்பாள். அறுபதுகளின் பிற்பகுதியில், ஒரு பொங்கல் சமயத்தில், அவள் தங்கை வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். லில்லி போய் மூன்று வருஷமாகியிருந்தது.

வந்த காரியம் ஒன்றுதான். அவள் இறந்தபோது எங்கள் மகள் ரூத்துக்கு நாலு வயது. எனக்கு இரவு ஷிப்ட். பிள்ளையைப் பார்க்க ஆளில்லை. லில்லியின் தங்கை கிரேஸ் தாம்பரத்துக்கு அழைத்துக்கொண்டு வந்துவிட்டாள். இப்போது எனக்குப் பகல் வேலை கிடைத்துவிட்டது, பக்கத்து குவார்ட்டர்ஸ் அம்மாளும் பள்ளிவிட்டு வரும் பிள்ளையைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். மகளைக் கூட்டிக்கொண்டு அடுத்த கப்பலில் திரும்ப வேண்டும். அவ்வளவே.

கடற்கரை ஸ்டேஷனில் எலக்ட்ரிக் ட்ரெயினுக்குக் காத்திருந்தேன். வரவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், ஸ்டேஷன் கடிகாரத்தைப் பார்த்தேன், மறுபடி கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பக்கத்தில் முறுக்குத் தின்றுகொண்டிருந்தவர் என்னையே கவனித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், ஊருக்குப் புச்சா? அத்த முறைச்சா வண்டி வந்துடுமா? குந்து சார், அது வர்றப்ப வரும்" என்றார்.

நான் குந்தவில்லை. தாம்பரம் வரைக்கும் கதவோரமாக நின்றுகொண்டே வந்தேன்.

கிழக்குத் தாம்பரத்தில் ஓட்டு வீடு. கிரேஸ் பள்ளிக்கூட டீச்சர். அவள் புருஷன் செல்வினுக்குப் பட்டணத்தில் ஆபீஸ் வேலை. ரூத் கிரேஸின் முந்தானைக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தாள். லில்லியின் நெற்றி, என் காது. நான் வாங்கி வந்த பொம்மையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு "தேங்க்ஸ்" என்றாள். அப்பா என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. மாமா, அங்கிள் என்றும் சொல்லவில்லை. எனக்குப் பெயரே இல்லாமல் அன்றைக்கு முழுவதும் ஓட்டினாள்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலையில் இட்லி, அதற்கு மேல் இட்லி, பிறகு "இன்னும் ஒண்ணு அத்தான்" என்று ஒரு இட்லி. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் ஊரில் பசியாறுவது என்றால் சீனன் கோப்பிக் கடையில் கருக்கச் சுட்ட ரொட்டி, அதில் காயா. தேங்காய்ப் பாலும் முட்டையும் சர்க்கரையும் சேர்த்துக் கிண்டிய பச்சை நிறப் பாகு அது. கிரேஸிடம் விவரித்தேன். "ரொட்டியில முட்டைப் பாயசமா?" என்று முகத்தைச் சுளித்தாள்.

முதல் நாள் மாலை குடும்ப ஜெபம். பாட்டு, வாசிப்பு, ஜெபம், ஆமென் என்று எங்கள் வீட்டில் வழக்கம். இங்கே வாசிப்புக்கும் ஜெபத்துக்கும் நடுவில் ஒன்று இருந்தது. செல்வின், ஏரியில் புயல் அடிக்கும்போது ஆண்டவர் படகின் பின்பக்கம் தலையணை வைத்துத் தூங்கிய பகுதியை வாசித்து முடித்ததும், ரூத் அவரைப் பார்த்து, "நீங்க எங்க நின்னீங்க சித்தப்பா?" என்று கேட்டாள்.

"நான் படகுல. தண்ணிய மொண்டு மொண்டு வெளிய கொட்டிக்கிட்டிருந்தேன். முதுகு ஒடிஞ்சு போச்சு" என்றார் செல்வின், ஆபீசிலிருந்து களைத்து வந்தவர் சொல்கிற அதே குரலில்.

"நான் ஏறவே இல்லை. கரையிலயே நின்னுட்டேன்" என்றாள் கிரேஸ்.

"நான் பின்னாடி, தலகாணிகிட்ட" என்றாள் ரூத். "தலகாணி நனைஞ்சு மீன் நாத்தம் அடிச்சுது."

பிறகு மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். எழுதியிருப்பதற்கு மேல் ஒரு வார்த்தை கூட்டாதே என்று வளர்ந்தவன் நான். என் அப்பா உபதேசியார். பகல் கனவு காண்கிறவன் பாதிப் பொய்யன் என்பார். "நான் எங்கயும் நிக்கலை. வாசிச்சதைக் கேட்டேன்" என்றேன். ரூத் தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். ஸ்கூலில் பாடம் வராத பையனுக்கு டீச்சர் ஆட்டுவது போல இருந்தது.

மறுநாள் காலை கோவளத்துப் பக்கத்திலிருந்து மீன்காரம்மா கூடையோடு வந்தாள். மீனைப் பார்க்காமல் ரூத்தைத்தான் முதலில் கேட்டாள்: "தலகாணி இன்னா ஆச்சு பாப்பா? நான் சொன்னா மாரி நாறிச்சா?" இந்தப் பைத்தியம் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

வீட்டுக்குள் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஊர் சுற்றிக் காட்டுங்கள் என்றேன். கிரேஸுக்குப் பொங்கல் லீவு. எங்களை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு தெற்கே கிளம்பினாள். பெருங்களத்தூர் தாண்டியதும் ரூத் ஜன்னல் கம்பியில் மூக்கை வைத்துக்கொண்டு என்னிடம் முதல்முறையாகத் தானே பேசினாள்: "இதுதான் எரிகோ ரோடு." வேதத்தில் கள்ளர்கள் ஒருவனை அடித்துப் போட்டுவிட்டுப் போவார்களே, வழியில் வந்தவன் அவனைத் தூக்கிச் சத்திரத்தில் சேர்ப்பானே, அந்த ரோடு.

"இது ஜி.எஸ்.டி. ரோடும்மா."

"ரெண்டும்தான். அடிபட்ட ஆள் அந்தப் புளியமரத்துக்குக் கீழ கிடந்தான். சத்திரம் கூடுவாஞ்சேரியில இருக்கு. வாங்க காட்டறேன்."

கூடுவாஞ்சேரியில் காட்டினாள். சந்தைக்குப் பக்கத்தில் புழுதி படிந்த ஒரு சாப்பாட்டுக் கடை. எங்களுக்கு அங்கே பரோட்டாவும் தண்ணீர்க் குருமாவும் கிடைத்தன. குருமாவில் உருளைக்கிழங்கைத் தேடிக் களைத்தேன். அடிபட்டவன் மாடியில் படுத்திருக்கிறான், சத்தம் போடக் கூடாது என்று ரூத் சொன்னாள். கடைக்கு மாடியே இல்லை. நான் அதைச் சொல்ல வாயெடுத்தேன், கிரேஸ் என் காலை மிதித்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டமென்றால் கூட்டம். ஊருக்குப் போகிறவர்கள், வருகிறவர்கள், கரும்புக் கட்டு, கோழி. எப்படியோ முண்டியடித்து ஏறினேன். ஆச்சரியம், இரண்டு பேர் உட்காரும் சீட் ஒன்று காலியாக இருந்தது. அதன் மேல் யாரோ விட்டுவிட்டுப் போன நீலக் கைக்குட்டை. பாவம், தொலைத்துவிட்டார்களே என்று அதை எடுத்து மடித்து வைத்துவிட்டு, ரூத்தைக் கூப்பிட்டுக்கொண்டே உட்கார்ந்தேன்.

"இன்னா சார், கர்ச்சீப் போட்டு கீதே, கண்ணு தெர்ல?" என்றார் பின்னால் நின்ற ஒருவர்.

"யாருடையதுன்னு தெரியலை. ஆளைக் காணோம்."

"ஆள் வருது சார்."

"எங்கே வருது? எனக்கு யாரும் தெரியலையே."

"உனக்குத் தெரியணுமா? கர்ச்சீப் கீதில்ல? ஏந்திரி சார்."

எங்கள் ஊரில் ஆள் உட்கார்ந்தால்தான் இடம், துணி உட்கார்ந்தால் இல்லை என்றேன். பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர்கூட என் பக்கம் பேசவில்லை. எழுந்துவிட்டேன். அதன்பிறகுதான் வேடிக்கை. அத்தனை பேர் நசுங்கிக்கொண்டிருக்கிறார்கள், ஒருவராவது அந்த சீட்டைத் தொட வேண்டுமே. வண்டலூர் வரைக்கும் ஒரு நீலக் கைக்குட்டை சொகுசாகப் பயணம் செய்தது. வண்டலூரில் கொஞ்சம் கூட்டம் இறங்கியதும், பின்பக்கம் நசுங்கிக் கிடந்த ஒரு பெண் கைக்குழந்தையோடு நகர்ந்து நகர்ந்து வந்து அதில் உட்கார்ந்தாள். என்னை எழுப்பிவிட்ட ஆளின் மனைவியாம். அவளும் கூடுவாஞ்சேரியிலேயே ஏறியிருக்கிறாள்.

ரூத் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு என் மகள் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். நான் அவமானப்பட்டாலும் பரவாயில்லை என்று தோன்றியது.

அடுத்த நாள் பொழிச்சலூர். நண்பர்கள் கூரையைப் பிரித்து முடவனைக் கட்டிலோடு இறக்கினார்களே, அந்த வீடு இங்கேதான் இருக்கிறதாம். டீக்கடை. மேலே தென்னங்கீற்று. மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானம் தலைமுடியை உரசுவது போலப் போனது. ரூத் காதைப் பொத்திக்கொண்டு கூரையையே பார்த்தாள். கடைக்காரருக்கு அவளை நன்றாகத் தெரிந்திருந்தது.

"பாப்பா வந்தா டீய பாக்காது சார், கூரையதான் பாக்கும்" என்றார். நெற்றி நிறையத் திருநீறு. கிளாசைக் கழுவிக்கொண்டே என்னைக் கேட்டார்: "எனக்கு ஒரு டவுட்டு சார். அந்தக் கால் வராத ஆளு ஏந்திரிச்சு நடந்து பூட்டாரு, சரி. கூட வந்தவங்களும் குஷியா பூட்டாங்க. அப்பால அந்தக் கூரைய யாரு சார் வேஞ்சது?"

அது எழுதப்படவில்லை என்றேன். "எழுதல, சரி. ஆனா யாராச்சும் வேஞ்சிருப்பாங்க இல்ல?" என்றார். டீ சுட்டது. சீக்கிரம் குடித்துவிட்டுக் கிளம்பினோம். அந்தக் கேள்வி மட்டும் பல்லில் மாட்டிய நார் மாதிரி கூடவே வந்தது.

சாயங்காலம் ரூத் என்னைத் தனியாகச் சேலையூர் ஏரிக்கு அழைத்துப் போனாள். மழை நன்றாகப் பெய்திருந்த வருஷம், ஏரி நிறைந்திருந்தது. கரையெல்லாம் புல். ஐந்து அப்பத்தை வைத்து ஐயாயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிட்ட இடம் என்றாள். எனக்கும் ஒரு மாதிரி பழகிப்போய், "சரி, நீ எங்கே உட்கார்ந்தே?" என்று கேட்டுவிட்டேன்.

"அந்தப் பனைமரத்துகிட்ட. அம்மா எனக்கு முன்னாடியே வந்துட்டாங்க. பக்கத்துல எனக்குக் கர்ச்சீப் போட்டு வெச்சிருக்காங்க."

பயம். அந்தப் பயம் வாய்க்கு வரும்போது கோபமாக வந்தது. "ரூத், அம்மா இங்கே இல்லை. அம்மாவை நம்ம ஊர்க் கல்லறையில வெச்சிருக்கோம். கலிலேயாவும் இங்கே இல்லை, அது எங்கேயோ கடல் தாண்டி இருக்கு. புரியுதா?"

"தெரியும்" என்றாள்.

"தெரிஞ்சுகிட்டே ஏன் இப்படிச் சொல்றே?"

"தெரிஞ்சா நிக்கக் கூடாதா?"

கிளம்பலாம் என்றேன். வழியில் அவள் என் கையைப் பிடிக்கவில்லை. வீட்டு வாசலில் நின்று, "நான் கப்பலுக்கு வரலை. அங்க எது எங்க இருக்குன்னு உங்களுக்கு ஒண்ணுமே தெரியாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நான் கிரேஸிடம் பாய்ந்தேன். பிள்ளையின் புத்தியைக் கெடுத்துவிட்டாய், வேதத்தை விளையாட்டாக்கிவிட்டாய், நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் சிரிப்பார்கள் என்று அடுக்கினேன். கிரேஸ் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

"வந்த புதுசுல அவ வாயே திறக்கலை அத்தான். மாசக்கணக்கா. டாக்டர்கிட்டகூடக் காட்டினோம். ஒரு நாள் ஜெபத்துல படகுக் கதை வாசிச்சப்ப, அவளைப் பேச வைக்க நான் சும்மா சொன்னேன், 'எனக்குப் பயம், நான் கரையிலயே நின்னுட்டேன்'னு. 'நான் உள்ள'ன்னா. அதுதான் அவ பேசின முதல் வார்த்தை. நான் அழுதுட்டேன்." முறத்திலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள். "நீங்க வேதத்தை மனப்பாடமா சொல்வீங்க, எனக்குத் தெரியும். அதுக்குள்ள அவ கூட வந்து நிக்க ஆள் வேணும். அவளா வரேன்னா கூட்டிட்டுப் போங்க. அழ அழக் கப்பல் ஏத்தாதீங்க. அதுக்கு நான் விட மாட்டேன்."

மறுநாள் நான் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். வேறு எங்கே போவது? வருகிற வண்டியையும் போகிற வண்டியையும் பார்த்தால் மனசு கொஞ்சம் அடங்கும். அன்றைக்கு அடங்கவில்லை. எழுந்தேன், நடந்தேன், உட்கார்ந்தேன், வெள்ளரிப் பிஞ்சு வாங்கித் தின்றேன். மறுநாள் கப்பல். பிள்ளை இல்லாமல் அந்தக் குவார்ட்டர்ஸ் கதவைத் திறக்க வேண்டியிருக்குமே. நடுநடுவே அந்த டீக்கடைக்காரரின் கேள்வி வேறு. யார் வேய்ந்திருப்பார்கள்? அந்த முடவனேதான். பல வருஷம் படுத்துக் கிடந்தவன், இனி ஏணியில் ஏறிப் பார்க்க ஆசை இருக்காதா? வீட்டுக்காரன் கீழே நின்று கீற்றை எடுத்துக் கொடுத்திருப்பான், திட்டிக்கொண்டே. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

அன்று மாலை ஜெபத்தில் வாசிப்பு, சாகக் கிடக்கும் மகளுக்காக ஓடிவந்து அழைத்த தகப்பனின் கதை. வீட்டுக்குப் போகிற வழியில் கூட்டம் நெருக்குகிறது. யாரோ ஒரு பெண் ஆண்டவரின் அங்கியைத் தொடுகிறாள். அவர் நின்றுவிடுகிறார், என்னைத் தொட்டது யார் என்று கேட்கிறார். செல்வின் நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.

"எதுக்கு இப்ப அங்க நிக்கணும்?" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல். "அந்தப் பொண்ணு எங்கயும் போயிட மாட்டா. போயிட்டு வந்து பேசக் கூடாதா? பிள்ளை அங்க கிடக்குது."

செல்வின் விரலைப் பக்கத்தில் வைத்தபடி என்னைப் பார்த்தார். ரூத் கண்ணைத் திறந்துவிட்டாள்.

"நீங்க எங்க நிக்கிறீங்க?"

"அந்த அப்பன் பக்கத்துல. வாட்ச்சைப் பாத்துகிட்டு."

"அந்தக் காலத்துல வாட்ச் ஏதுண்ணா?" என்றார் செல்வின்.

"இருக்கட்டும் சித்தப்பா" என்றாள் ரூத். என் பக்கம் திரும்பினாள். "எந்த ரோடு?"

எரிகோ ரோடு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்குத் தெரிந்தது வேறு ரோடு. "நம்ம ஊர்ல. ஸ்டேஷன்லேர்ந்து குவார்ட்டர்ஸுக்குப் போற ரோடு. ஒரு பக்கம் ஈயம் தோண்டின பெரிய குட்டை, ஏரி மாதிரி இருக்கும். இன்னொரு பக்கம் சீனன் கோப்பிக் கடை. அம்மாவுக்கு ரொம்ப முடியலைன்னு தகவல் வந்து, டியூட்டியை மாத்திக் குடுத்துட்டு அந்த ரோட்டுலதான் வந்தேன். வழியில ரயில்வே கேட் மூடியிருந்துச்சு. கூட்ஸ் வண்டி. ஒவ்வொரு பெட்டியா போகுது, போகுது, முடியவே இல்லை. கேட் திறந்ததும் எதிர்ல நம்ம ஆள் ஒருத்தன் வந்தான். இனிமே அவசரப்பட வேணாம் சார்னு சொன்னான்."

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அழுதேன் என்றே சொல்லிவிடுகிறேன். கிரேஸும் முந்தானையை எடுத்துக்கொண்டாள்.

"நான் உள்ள இருந்தேன்" என்றாள் ரூத் மெதுவாக. "உங்க சைக்கிள் சத்தம் கேட்டுது."

கதைக்குள்ளே சொல்கிறாளா, வெளியே நின்று சொல்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை. அவள் நகர்ந்து என் பாய்க்கு வந்தாள்.

"கடைசியில அந்தப் பாப்பா பொழைச்சு எழுந்ததும் சாப்பிடக் குடுக்கச் சொல்வாரு. குடுத்தீங்களா?"

"குடுத்தேன். சீனன் கடையில ரொட்டி வாங்கிக் குடுத்தேன்."

"பச்சையா ஒண்ணு தடவுவாங்களே."

"காயா. தடவித்தான்."

யோசித்தாள். "அந்தக் கடை இன்னும் இருக்கா?" என்று கேட்டாள் என் மகள். இருக்கிறது என்றேன். "அந்தக் குட்டையில படகு போகுமா?" போகும் என்றேன். ஈயக்குட்டையில் நான் படகைப் பார்த்ததே இல்லை. அன்றைக்குப் பார்த்தேன்.

துறைமுகத்தில் கிரேஸ் அழுத அழுகையை எழுத எனக்குத் தெம்பில்லை. ரூத்தும் அழுதாள். ஆனால் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எங்களுக்கு டெக் டிக்கெட். அறை கிடையாது, மேல்தளத்தில் கிடைத்த இடத்தில் பாய் விரித்துக்கொள்ள வேண்டியதுதான். படி திறந்ததும் எல்லோரும் பாயும் மூட்டையுமாக ஓடினார்கள். வாழ்நாளெல்லாம் முந்தி ஓடுகிற நான் அன்றைக்குப் பெட்டியோடு பின்தங்கிவிட்டேன். ரூத் கூட்டத்துக்குள் குனிந்து புகுந்து ஓடிவிட்டாள்.

நான் மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, கம்பியோரமாக நல்ல காற்று வருகிற இடத்தைப் பிடித்துவிட்டிருந்தாள். தரையில் வரிசையாக மூன்று கைக்குட்டைகள். ஒன்றின் மேல் அவள் உட்கார்ந்திருந்தாள். அடுத்ததைக் காட்டினாள். நான் உட்கார்ந்தேன்.

சங்கு ஊதியது. இடமே இல்லாமல் தளம் நிறைந்துவிட்டது. தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் பாயைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்து, மூன்றாவது கைக்குட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இங்க யாரும் இல்லைங்களே, உக்காரலாமா?"

ரூத் என் முகத்தைப் பார்த்தாள்.

"ஆள் வருது" என்றேன்.